பிளாக்கிக்கு மறுபடியும் உண்ணிக் காய்ச்சல்: மருந்து தோற்றதா, நோயே வேறா?

வாசகர் கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் வரிசை வீட்டில் இருக்கிறோம். எங்கள் பிளாக்கிக்கு ஐந்து வயது. சாதாரணத் தெரு நாய்தான், குட்டியில் எடுத்து வளர்த்தோம். 18 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். கிளினிக்கில் ஒரு கிட்டில் ரத்தம் விட்டுப் பார்த்து ‘டிக் ஃபீவர், எர்லிக்கியா’ என்றார்கள். பிளேட்லெட் 62,000 இருந்தது. டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுக்கச் சொன்னார்கள். மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து ஒரு வேளைகூட விடாமல் கொடுத்தேன். மூன்றாம் நாளே எழுந்து வாலாட்டினான். போன வாரத்திலிருந்து மறுபடி சோர்வு. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. இப்போது பிசிவி 19 என்கிறார்கள். கிட் மறுபடியும் பாசிட்டிவ். அதே மாத்திரையை ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது, தேறவில்லை. சிறுநீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போகிறது. அம்மா டெங்கிக்குக் கொடுப்பதுபோலப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார். வாரம் ஒருமுறை உண்ணி ஷாம்பு போட்டும் உண்ணி குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ‘ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள்’ என்கிறார். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

அச்சில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் இந்தப் பதிலை முதலில் உங்களுக்கே அனுப்புகிறேன். பிளாக்கியை இன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போங்கள். போகும் முன் அட்டோவாகுவோன் என்ற மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள், கடைசிப் பத்தியில் சொல்லியிருக்கும் மூன்று பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை அங்கே உட்கார்ந்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

ஏன் அவசரம் என்றால், பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நல்ல நாய்க்கு அது 37க்கு மேல் இருக்கும். 19 என்பது அதில் பாதி. அதுவும் சில நாளுக்கு முந்தைய கணக்கு. சிறுநீர் தே ஓ நிறத்தில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடையும்போது அந்தச் சாயம் சிறுநீரில் இறங்கும். அப்படியானால் அணுக்கள் இன்னும் உடைந்துகொண்டே இருக்கின்றன.

கிளம்பும் முன் அவன் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். கட்டைவிரலால் ஈறை ஒரு நொடி அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். அழுத்தும் முன்பே ஈறு மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தாலோ, மஞ்சள் தட்டினாலோ, போய்ச் சேர்ந்ததும் வரிசையில் உட்காராமல் கவுண்டரில் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து இருக்கட்டும், முதலில் ரத்தம் ஏற்றவேண்டி வரலாம். பினாங்கில் நாய்க்கு வேறொரு நாய்தான் ரத்தம் தர வேண்டும். உறவிலோ நட்பிலோ 25 கிலோவுக்கு மேல் ஆரோக்கியமான நாய் யாரிடம் இருக்கிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள். ஆனால் அந்த நாயின் ரத்தத்தையும் சோதித்த பிறகுதான் ஏற்ற வேண்டும். காரணம் கீழே வருகிறது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பிளாக்கியின் உடம்பில் இன்னொரு கிருமி இருக்கிறது, அதை யாரும் தேடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

‘டிக் ஃபீவர்’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஒரு நோய் இல்லை. நம் ஊர் நாய்களின் மேல் இருக்கும் பழுப்பு உண்ணி பல கிருமிகளைச் சுமந்து திரிகிறது. அதில் எர்லிக்கியா ஒரு பாக்டீரியா. வெள்ளையணுவுக்குள் குடியிருக்கும். பேபீசியா ஓர் ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமியின் தூரத்து உறவு. அது சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இன்னும் இரண்டு மூன்று கிருமிகள் உண்டு, இப்போது அவை வேண்டாம். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: டாக்சிசைக்ளின் எர்லிக்கியாவுக்கு மருந்து. பேபீசியாவை அது ஒழிக்காது.

இப்போது அந்த கிட்டைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலான கிளினிக்குகளில் இருக்கும் கிட் எர்லிக்கியாவையும், அனாபிளாஸ்மா என்ற இன்னொரு உண்ணிக் கிருமியையும், இதயப்புழுவையும் காட்டும். பேபீசியாவுக்கு அதில் புள்ளியே கிடையாது. அதனால் கிட்டில் பேபீசியா வரவில்லை என்றால், இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கேள்வியையே நாம் கேட்கவில்லை. அப்புறம், கிட் எர்லிக்கியாக் கிருமியைப் பார்ப்பதும் இல்லை. அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. நோய் குணமான பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில், ரத்தத்தில் நிற்கும். ஆகவே இரண்டாவது பாசிட்டிவ் நமக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வந்த விருந்தாளியின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது செருப்பைப் பார்த்தால் தெரியாது.

பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, 62,000க்கு இறங்கியதும் எர்லிக்கியா உறுதி என்று தோன்றியிருக்கும். பேபீசியாவிலும் பிளேட்லெட் நன்றாகவே இறங்கும். முதல் தடவையே இரண்டும் சேர்ந்து இருந்திருக்கலாம். ஒரே உண்ணிக் கூட்டம் கடிக்கும்போது அது அபூர்வமில்லை. டாக்சிசைக்ளின் எர்லிக்கியாவை அடக்கியது. எர்லிக்கியா காய்ச்சலில் மருந்து போன ஒன்றிரண்டு நாளில் நாய் தெளிந்துவிடும், பிளாக்கியும் அப்படித்தான் எழுந்தான். பேபீசியா சத்தம் போடாமல் இருந்துவிட்டு, எதிர்ப்புச் சக்தி சற்றுத் தளர்ந்ததும் தலைதூக்கியிருக்கிறது. இந்தத் தடவை அதே மாத்திரைக்கு நான்கு நாளாகியும் அசைவில்லை என்பது என் சந்தேகத்தை இன்னும் பலமாக்குகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில் பட்டர்வொர்த்தில் ஒரு பாதுகாவலரின் நாய்க்கு நான் இதையே செய்தேன். கிட் பாசிட்டிவ், கையில் டாக்சிசைக்ளின், போய் வாருங்கள். ஐந்து வாரம் கழித்து அதைக் கோணியில் வைத்துத் தூக்கி வந்தார். ஈறு காகிதம் மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. நாய் அன்று இரவே போய்விட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதுதான் இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து காய்ச்சலோடு உண்ணி இருக்கும் எந்த நாயையும் ரத்தப் பூச்சு பார்க்காமல் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அந்தப் பூச்சு ஒன்றும் பெரிய வேலை இல்லை. காது மடலின் ஓரத்தில் சின்ன ஊசியால் ஒரு குத்து. நுண்ணிய ரத்தக்குழாயிலிருந்து வரும் அந்தத் துளியில்தான் கிருமி புகுந்த அணுக்கள் அதிகம் சிக்கும். அதனால் காலில் எடுத்த ரத்தத்தைவிடக் காதில் எடுத்தது நல்லது. துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் விளிம்பால் ஒரே இழுப்பு. காய வைத்து, சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சாயமேறிய சிவப்பணுவுக்குள் இரண்டு பேரிக்காய் மூக்கோடு மூக்கு ஒட்டி நிற்பதுபோலத் தெரிந்தால் அது பெரிய வகை, பேபீசியா வோகலி. குண்டூசித் தலையைவிட எத்தனையோ மடங்கு சிறிய மோதிரம், ஒரு பக்கம் மட்டும் கல் பதித்ததுபோல ஊதாப் புள்ளியோடு தெரிந்தால் அது சிறிய வகை, பேபீசியா கிப்சோனி. மலேசிய நாய்களில் இரண்டுமே இருக்கின்றன. வளர்ந்த நாயை வோகலி பெரும்பாலும் லேசாகத்தான் படுத்தும், குட்டிகளைத்தான் போட்டுப் பார்க்கும். ஐந்து வயது நாயின் பிசிவியை 19க்கு இறக்கியது என்றால் நான் முதலில் கிப்சோனியைத்தான் தேடுவேன்.

பூச்சில் தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் கிருமி குறைவாக இருக்கும் நாளில் நூறு இடம் தேடினாலும் கண்ணில் படாது. அப்போது பிசிஆர் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பச் சொல்லுங்கள். கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை அது, எந்த வகை என்றும் சொல்லிவிடும். முடிவு வரச் சில நாள் ஆகும். இந்த நிலையில் அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கே கொண்டு போகலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ரத்தம் எடுத்த டியூப் மட்டும் பயணம் போகட்டும். பிளாக்கி இப்போது அவ்வளவு தூரம் காரில் போகும் நிலையில் இல்லை.

மருந்து எந்த வகை என்பதைப் பொறுத்தது. பெரிய வகைக்கு இமிடோகார்ப் என்ற ஊசி. கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், 14 நாள் இடைவெளியில் இரண்டு தடவை. போட்டவுடன் எச்சில் ஒழுகும், சில நாய் வாந்தி எடுக்கும். பயப்படாதீர்கள், முன்கூட்டியே அட்ரோபின் போட்டால் அது குறையும். சிறிய வகையான கிப்சோனிக்கு அந்த ஊசி போதாது. அதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள். அட்டோவாகுவோன் மனிதர்களுக்கு மலேரியாவுக்குக் கொடுக்கும் மருந்து. கிலோவுக்கு 13.3 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் பாதி வீணாகிவிடும். அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை. அட்டோவாகுவோன் விலை அதிகம், எல்லா கிளினிக்கிலும் கையிருப்பில் இருக்காது. அதனால்தான் போகும் முன் போன் செய்து கேட்கச் சொல்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் மலேரியா மாத்திரையில் புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கும். அது நாய்க்கு வாந்தியைக் கிளப்பும், நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அட்டோவாகுவோன் கிடைக்காவிட்டால் கிளின்டாமைசின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. மெதுவாக வேலை செய்யும், ஆனாலும் பல நாய்களை அது கரைசேர்த்திருக்கிறது. இந்த அளவுகளை நான் எழுதுவது உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசுவதற்காக. அவர் பிளாக்கியை நேரில் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பணுவை உடம்பே தாக்க ஆரம்பித்திருந்தால் டாக்டர் அதைக் கொஞ்ச நாள் சேர்க்கலாம், அது சரிதான். கிருமியைத் தேடாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடுவான், அப்புறம் கிருமி தலைவிரித்தாடும். “எந்தக் கிருமிக்கு எந்த மருந்து?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

டாக்சிசைக்ளினை நிறுத்த வேண்டாம். எர்லிக்கியா முழுக்கப் போனதா என்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் அதைப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாலிலுள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சேரும் அளவைக் குறைத்துவிடும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்று 28 நாள் கொடுத்தாலும், உள்ளே எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது சந்தேகம்தான். இனிமேல் சோற்றோடு, கோழி வேகவைத்த தண்ணீரோடு கொடுங்கள். வெறும் மாத்திரையாகத் தொண்டைக்குள் தள்ளினால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மாத்திரைக்குப் பின்னால் ஒரு வாய் சாப்பாடோ தண்ணீரோ போகட்டும்.

எர்லிக்கியாவையும் லேசாக எண்ணிவிடக் கூடாது. 1963இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் வழிந்து செத்தன. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கும் மேல் அதே மாதிரிப் போயின, பெரும்பாலும் அல்சேஷன்கள். காரணம் எர்லிக்கியாதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. வெளியில் நன்றாகத் தெரியும் நாயின் உடம்பில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து எலும்பு மஜ்ஜையையே உலர்த்திவிடும் குணம் அதற்கு உண்டு. அந்தக் கட்டத்துக்குப் போனால் மீட்பது கடினம். பிளாக்கியின் ரத்த அறிக்கையில் வெள்ளையணு எண்ணிக்கையையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று ஓரளவு தைரியம் கொள்ளலாம்.

அம்மாவின் பப்பாளி இலைச் சாற்றுக்கு வருகிறேன். அவருடைய மனசு புரிகிறது. டெங்கி வார்டில் பிளேட்லெட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தினமும் எண்ணிப் பார்த்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. ஆனால் டெங்கி வைரஸை உடம்பு ஒரு வாரம் பத்து நாளில் தானே விரட்டிவிடும், பிளேட்லெட்டும் தானே ஏறும். இங்கே கிருமி தானாகப் போகாது. கசப்புச் சாறு உள்ளே போனால் நாய் வாந்தி எடுத்து, கொடுத்த மாத்திரையையும் வெளியே தள்ளிவிடும். நிறுத்திவிடச் சொல்லுங்கள். அவருக்குக் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தால், கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொஞ்சமாக ஊட்டட்டும். ஈரல் ரத்தத்தை ஊறவைத்துவிடாது, ஆனால் அந்த வாசத்துக்காக அவன் நாலு வாய் சாப்பிடுவான், மருந்தும் உள்ளே நிற்கும். பெனடோல் (பாரசிட்டமால்), ஆஸ்பிரின், இபுபுரோஃபென் எதையும் காய்ச்சலுக்கென்று கொடுக்காதீர்கள். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு ஆஸ்பிரின் ரத்தப்போக்கைக் கொண்டுவரும்.

பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டீர்கள். பிளாக்கி நக்குவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ வராது. உண்ணியை மட்டும் பிள்ளைகள் கையால் பிடுங்கி நசுக்க வேண்டாம். நீங்கள் கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். ஆனால் நாயிலிருந்து நாய்க்கு இன்னொரு வழி இருக்கிறது. கிப்சோனி உண்ணி இல்லாமலே ரத்தத்தில் தாவும். நாய்ச் சண்டைக் கடியில் வரும், ரத்தம் ஏற்றினாலும் வரும். ரத்தம் தரும் நாயைச் சோதிக்கச் சொன்னது இதனால்தான். பிளாக்கி குணமானாலும் இனி யாருக்கும் ரத்தம் தரக் கூடாது.

இனி உண்ணி. ஷாம்பு அன்றைக்கு உடம்பில் இருப்பதைக் கொல்லும், மறுநாளைக்கு அதில் சக்தி இல்லை. பழுப்பு உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. ரத்தம் குடித்து உளுந்து மாதிரி உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, விரிசலில் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இன்று இரவு டார்ச் எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். பூந்தொட்டியின் அடி, கேட் தூணின் வெடிப்பு, கதவுச் சட்டம், கூரையும் சுவரும் சேரும் மூலை, செருப்பு அடுக்கின் பின்பக்கம். மிளகுத்தூள் கொட்டியதுபோல அசைவது தெரிந்தால் அவை குஞ்சுகள். கண்ட இடத்தை வேக்குவம் போட்டு, பையைக் கட்டி வெளியே எறியுங்கள். வெடிப்பைச் சிமெண்டால் அடையுங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால், வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்காத ஆளை அனுப்பிவிடுங்கள், பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய் தடவும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தோல் வெந்துபோன நாய்களை நான் தைத்துக் கட்டியிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பிளாக்கிக்கு நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா போன்ற மாதாந்தர மாத்திரையோ, 12 வாரம் நிற்கும் பிராவெக்டோவோ ஒன்று வேண்டும். கடித்த உண்ணியை இவை கொன்றுவிடும், அதனால் முட்டையிட உண்ணியே மிஞ்சாது. அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், அந்த நாய்களுக்கு இந்த வகை மருந்தில் கவனம் தேவை. நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டை வரை இரண்டு மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு மாதம் கொடுத்து உண்ணி காணவில்லை என்று நிறுத்தினால் சுவருக்குள் இருப்பது வெளியே வரும். நான் என் வீட்டு நாய்க்கு வருடம் முழுக்கக் கொடுக்கிறேன், இங்கே உண்ணிக்கு விடுமுறைக் காலம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் என்ன நோய் என்றே இன்னும் பார்க்காத நாயை எப்படி அனுப்புவது? ஐந்து வயதில், வெள்ளையணு சரியாக இருந்து, ரத்தம் ஏற்றி, சரியான மருந்து போனால் பிளாக்கிக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கிப்சோனி சில நாய்களில் முழுக்க ஒழியாமல் கொஞ்சம் தங்கிவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்படித் தங்கினாலும் பல நாய்கள் வருடக்கணக்கில் நன்றாக ஓடியாடுகின்றன. அவற்றைக் கண்காணித்தால் போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரத்த அறிக்கை, மீதி மாத்திரை, காலையில் பிடித்த சிறுநீர் ஒரு சுத்தமான பாட்டிலில், மூன்றையும் எடுத்துப் போங்கள். சிறுநீர் அரை மணி நேரம் அசையாமல் இருந்தும் அடியில் சிவப்புப் படியாமல் முழுக்க அதே நிறத்தில் நின்றால், அது உடைந்த அணுக்களின் சாயம் என்று அந்தப் பாட்டிலைப் பார்த்தே உங்கள் டாக்டருக்குப் புரிந்துவிடும். குணமானதைக் காண மறுபடி கிட் போடச் சொல்லாதீர்கள், வீண் செலவு. ஒரு வாரத்தில் பிசிவியும் பிளேட்லெட்டும், மருந்து முடிந்ததும் ஒரு தடவை, அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. கிப்சோனியாக இருந்தால் சிகிச்சை தொடங்கி 60ஆம் நாளும் 90ஆம் நாளும் பிசிஆர். சமையலறை நாள்காட்டியில் இந்தத் தேதிகளை இன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள். ரத்தப் பூச்சில் என்ன தெரிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.